ஒரு கவளம் சோறு உடலாகும் விதம்

மனிதனின் செரிமான மண்டலம் வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் ஒரே நீண்ட தசைக்குழல். இறந்த உடலில் அளந்தால் அதன் நீளம் ஏறத்தாழ 9 மீட்டர். உயிருள்ள உடலில் தசைகள் முறுக்கோடு இருப்பதால் அதைவிடக் குறைவு. குழலின் இரு முனைகளும் வெளியுலகை நோக்கித் திறந்திருக்கின்றன. எனவே விழுங்கிய உணவு வயிற்றுக்குள் போய்விட்டாலும் இன்னும் உடலுக்குள் சேர்ந்ததாகாது. குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்திலோ நிணநீரிலோ கலந்த பிறகுதான் அது உடலுக்குச் சொந்தம். சிறுகுடலில் அந்தச் சுவரின் உட்படலம் ஒரே ஒரு செல் தடிமன் உடையது. அவ்வளவு மெல்லியதாக இருந்தும், சோற்றின் மாவுச்சத்து, பருப்பின் புரதம், நெய்யின் கொழுப்பு எதுவும் முழு உருவில் அதைக் கடக்க முடியாது. அவற்றின் மூலக்கூறுகள் மிகப் பெரியவை. அவற்றைச் சுவர் ஏற்கும் அளவுக்குச் சிறிதாக உடைப்பது செரிமானம். உடைத்ததை உள்ளே எடுத்துக்கொள்வது உறிஞ்சுதல். இந்த மண்டலத்தின் ஒவ்வோர் உறுப்பும் இவ்விரு வேலைகளுக்காகவே அமைந்திருக்கிறது.

குழலின் பெரும்பகுதியில் சுவரின் அமைப்பு ஒன்றுதான். உட்புறம் ஈரமான சளிப்படலம். அதையடுத்து இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த திசு. அதற்கு வெளியே, வட்டமாக ஓடும் தசை ஒரு அடுக்கு, நீளவாட்டில் ஓடும் தசை ஒரு அடுக்கு. எல்லாவற்றையும் போர்த்திய மெல்லிய உறை. குழலோடு ஒட்டி, தங்கள் சாறுகளை அதற்குள் கொட்டும் துணை உறுப்புகளும் உண்டு: உமிழ்நீர்ச் சுரப்பிகள், கல்லீரல், பித்தப்பை, கணையம். நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறும் கொஞ்சம் கீரைப் பொரியலும் சேர்ந்த ஒரு கவளத்தில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நார்ச்சத்து நான்கும் இருக்கின்றன. அந்தக் கவளத்துக்கு வழிநெடுக என்ன நேர்கிறது என்று பார்த்தாலே மண்டலம் முழுவதும் விளங்கிவிடும்.

வாயும் உணவுக்குழாயும்

முழு வளர்ச்சி பெற்றவரின் 32 பற்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முன்பற்கள் வெட்டுகின்றன, கோரைப்பற்கள் கிழிக்கின்றன, கடைவாய்ப் பற்கள் அரைக்கின்றன. அரைக்க அரைக்க உணவின் பரப்பு கூடுகிறது. பரப்பு கூடினால் சாறுகள் படும் இடமும் கூடும். நன்றாக மென்று சாப்பிடச் சொல்வதன் காரணம் இதுதான்.

காதுக்கு முன்னால் ஒரு சோடி, கீழ்த்தாடைக்கு அடியில் ஒரு சோடி, நாக்குக்கு அடியில் ஒரு சோடி என மூன்று சோடிப் பெரிய சுரப்பிகள் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 லிட்டர் உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதிலுள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை அறுக்கத் தொடங்குகிறது. சோற்றை வாயில் வைத்து வெகுநேரம் மென்றால் இலேசாக இனிப்பது, மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால்தான். உமிழ்நீரில் கிருமிகளைத் தாக்கும் லைசோசைம் என்ற பொருளும் இருக்கிறது.

விழுங்குவதைத் தொடங்குவது மட்டுமே நம் விருப்பம். நாக்கு கவளத்தைத் தொண்டைக்குள் தள்ளியதும் மற்றதெல்லாம் தானாக நடக்கும். மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் பின்வழியை அடைக்கிறது. குரல்வளை மேலெழும்ப, குரல்வளைமூடி மூச்சுப் பாதையின் மேல் கவிகிறது. அந்த நொடியில் மூச்சும் நின்றுவிடுகிறது. பேசிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ சாப்பிடும்போது இந்த ஒழுங்கு தப்பினால் புரை ஏறும்.

தொண்டையிலிருந்து இரைப்பை வரையுள்ள உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். கவளத்துக்குப் பின்னால் உள்ள வட்டத்தசை சுருங்க, முன்னால் உள்ளது தளர, அந்தச் சுருக்கம் அலையாகக் கீழ்நோக்கி ஓடுகிறது. கெட்டியான கவளம் பத்து நொடிக்குள் கீழே போய்ச் சேரும். தள்ளுவது தசையென்பதால், படுத்திருப்பவராலும் விழுங்க முடிகிறது. குழாயின் அடிமுனையில் இருக்கும் சுருக்குத்தசை கவளத்துக்கு வழிவிட்டு உடனே மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாவிட்டால் இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயின் சுவரைச் சுடும். நெஞ்செரிச்சல் என்பது அதுவே. வயிறு நிறையச் சாப்பிட்ட உடன் படுப்பவர்களுக்கு அது கூடுதலாக வருவதும் இதனால்தான்.

இரைப்பை

இரைப்பை வயிற்றின் மேற்பகுதியில் இடப்பக்கமாக அமைந்த தசைப்பை. வெறும் வயிற்றில் சுருங்கிக் கிடக்கும் அது, சாப்பாட்டின்போது 1 முதல் 1.5 லிட்டர் வரை எளிதாக விரிந்துகொடுக்கும். குழலின் பிற பகுதிகளில் இரண்டு தசை அடுக்குகள் என்றால், இங்கே சாய்வாக ஓடும் மூன்றாவது அடுக்கும் இருப்பதால் உணவை எல்லாத் திசையிலும் பிசைய முடிகிறது.

அதன் சுவரிலுள்ள நுண்சுரப்பிகள் நாளுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் சாறு சுரக்கின்றன. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பெப்சின் என்ற நொதியாக மாறப்போகும் பெப்சினோஜனும் இருக்கிறது. அமிலம் பருப்பின் புரத முடிச்சுகளைப் பிரித்து விரிக்க, பெப்சின் அவற்றைத் துண்டிக்கிறது. உணவோடு வந்த கிருமிகளில் பெரும்பாலானவை அமிலத்தில் மடிகின்றன. பி12 வைட்டமினைப் பின்னால் உறிஞ்சுவதற்குத் தேவையான ஒரு புரதமும் இங்கேதான் உண்டாகிறது. இரைப்பையை அறுவை செய்து அகற்றியவர்களுக்கு பி12 ஊசி தேவைப்படுவது அதனால்தான்.

இரைப்பை உணவை அரைக்கிறதா, அல்லது கரைக்கிறதா என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த கேள்வி. அதற்கு விடை ஒரு விபத்திலிருந்து கிடைத்தது. 1822 ஜூன் 6 அன்று வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், தோல் வணிக நிறுவனமொன்றின் கூலியாளான அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவர் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் காயம் முழுதாக மூடாமல், இரைப்பைக்குள் நேராகப் போகும் ஒரு துளை நிரந்தரமாக நின்றுவிட்டது. 1825 ஆகஸ்ட் 1 அன்று நண்பகலில் போமண்ட் இறைச்சித் துண்டுகள், பழைய ரொட்டி, நறுக்கிய முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே இறக்கினார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தபோது ரொட்டியும் முட்டைக்கோசும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இரண்டு மணிக்கு இறைச்சியிலும் ஒரு பகுதி நூலில் இல்லை. பிறகு அவர் இரைப்பைச் சாற்றைக் குப்பியில் எடுத்து, உடற்சூட்டில் வைத்து, அதில் இறைச்சியைப் போட்டார். உடலுக்கு வெளியேயும் அது கரைந்தது. செரிமானம் ஒரு வேதிவினை என்பது இதனால் உறுதியானது. கோபமும் பதற்றமும் இரைப்பையின் வேலையைக் கெடுப்பதையும் அவர் கண்ணால் கண்டு எழுதினார். அவருடைய நூல் 1833இல் வெளியானது. துளையோடு வாழ்ந்த செயின்ட் மார்ட்டின் 1880 வரை உயிரோடு இருந்தார்.

இறைச்சியைக் கரைக்கும் சாறு, அதே இறைச்சியால் ஆன இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? சுவரின் மேல் படர்ந்திருக்கும் கெட்டியான சளியும், அச்சளிக்குள் கலந்த பைகார்பனேட் என்ற காரமும் அமிலத்தைச் சுவரில் படாமல் காக்கின்றன. மேற்பரப்புச் செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கின்றன. இந்தக் காப்பு குலையும் இடத்தில் புண் வருகிறது. மனக்கவலையும் காரமான உணவும்தான் அல்சருக்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்தார்கள். அது நோய் உண்டாக்கும் என்பதைக் காட்ட, மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பல அல்சர்கள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணமாகின்றன. வலிமாத்திரைகளை அடிக்கடி விழுங்குவது புண்ணுக்கு மற்றொரு முக்கியக் காரணம். அவற்றில் பல, சளியைச் சுரக்கத் தூண்டும் பொருளையே குறைத்துவிடுகின்றன.

இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் சோறும் பருப்பும் கூழாகி, இரைப்பையின் கீழ்வாயில் வழியே கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் விடப்படுகின்றன.

கணையமும் கல்லீரலும்

சிறுகுடலின் முதல் 25 செ.மீ. முன்சிறுகுடல். அமிலக் கூழ் வந்து சேர்வதும், கணையச் சாறும் பித்தநீரும் அதனுடன் கலப்பதும் இங்கேதான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் 12 முதல் 15 செ.மீ. நீளமுள்ள சுரப்பி. இன்சுலின் சுரப்பதால் அதைப் பலரும் அறிவார்கள். ஆனால் அதன் திசுவில் பெரும்பங்கு செரிமானச் சாறு சுரக்கவே இருக்கிறது. அந்தச் சாற்றிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. மாவுச்சத்துக்கு அமிலேஸ், கொழுப்புக்கு லிப்பேஸ், புரதத்துக்கு டிரிப்சின் என மூன்றுக்கும் நொதிகள் வருகின்றன. டிரிப்சின் கணையத்துக்குள் செயலற்ற வடிவிலேயே இருந்து, முன்சிறுகுடலின் சுவரிலுள்ள வேறொரு நொதி தொட்ட பிறகே விழிக்கிறது. பித்தக்கல் வழியை அடைப்பதாலோ மதுவாலோ அது உள்ளேயே விழித்துக்கொண்டால், கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். கணைய அழற்சியின் கடும் வலிக்கு மூலம் இது.

கூழ் வந்துவிட்டதைக் கணையம் எப்படி அறிகிறது? நரம்புகள் மூலமாகத்தான் என்று நம்பப்பட்டது. செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவின் கருத்தும் அதுவே. 1902இல் லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் குடற்பகுதியின் நரம்புகளை அறுத்துவிட்டு அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். நரம்பு இல்லாமலே கணையம் சுரந்தது. குடற்சுவர் இரத்தத்தில் கலந்துவிடும் ஒரு பொருளே செய்தியைச் சுமந்து சென்றது. அதற்கு செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். இத்தகைய பொருட்களுக்கு ஹார்மோன் என்ற பொதுப்பெயரை ஸ்டார்லிங் 1905இல் அறிமுகப்படுத்தினார். உட்சுரப்பியல் என்ற பெருந்துறையின் தொடக்கம் குடலில்தான் நிகழ்ந்தது.

நெய்யின் கொழுப்பு நீரில் கரையாது, திரண்டு மிதக்கும். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் அதை நுண்துளிகளாக உடைத்துவிட, லிப்பேஸ் அவற்றின்மேல் வேலை செய்கிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலே உடலின் மிகப்பெரிய உள்ளுறுப்பு. அது சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் தங்கிக் கெட்டிப்படுகிறது. கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும் மற்றொரு ஹார்மோன் பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரை வெளியேற்றுகிறது. அதுவே இரைப்பையையும் மெதுவாக்குகிறது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் நெடுநேரம் பசி எடுக்காமல் மந்தமாக இருப்பது இதன் விளைவு. வேலை முடிந்த பித்த உப்புகளில் 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு மீண்டும் கல்லீரலுக்கே திரும்புகின்றன.

சிறுகுடலின் சுவர்

உணவு உண்மையில் உடலுக்குள் நுழையும் இடம் சிறுகுடல். முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல் என்ற மூன்று பகுதிகளோடு, சுமார் இரண்டரை செ.மீ. அகலத்தில் மடிந்து மடிந்து கிடக்கும் இக்குழலின் உட்பரப்பு, வெளியிலிருந்து பார்த்து ஊகிக்க முடியாத அளவு பெரியது. சுவர் முதலில் வளையங்களாக மடிந்திருக்கிறது. மடிப்பின்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் குடலுறிஞ்சிகள் இலட்சக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வோர் உறிஞ்சியின் மேலுள்ள ஒவ்வொரு செல்லிலும் இன்னும் நுண்ணிய நீட்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பழைய பாடநூல்கள் இந்தப் பரப்பை ஒரு டென்னிஸ் ஆடுகளத்தோடு ஒப்பிட்டன. சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் நுண்ணோக்கியால் அளந்து, சிறுகுடலின் உட்பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டர், அதாவது 320 சதுர அடி அளவே என்று திருத்தினார்கள். அப்போதும் அது நம் தோலின் பரப்பைப்போல் 15 மடங்கு.

கடைசி வெட்டு இந்தச் செல்களின் விளிம்பிலேயே விழுகிறது. மால்டேஸ் முதலிய நொதிகள் மாவுச்சத்தின் மிச்சத் துண்டுகளைக் குளுக்கோஸ் ஆக்குகின்றன. வேறு நொதிகள் புரதத் துண்டுகளை அமினோ அமிலங்களாக்குகின்றன. பாலின் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியரில் பெரும்பாலோர் இந்த வகையினர். அவர்களுக்கு ஒரு டம்ளர் பால் வயிற்றை உப்ப வைக்கலாம். தயிரிலும் மோரிலும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை முன்பே உடைத்துவிடுவதால் அவை தொந்தரவு தருவதில்லை.

குளுக்கோசும் அமினோ அமிலங்களும் குடலுறிஞ்சிக்குள் இருக்கும் இரத்த நுண்குழாய்களில் சேர்ந்து, போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் உடனே தேவையில்லாத குளுக்கோசைக் கிளைகோஜனாகச் சேமித்து, நச்சுகளை மாற்றி, மீதியைப் பொது இரத்த ஓட்டத்தில் விடுகிறது. நெய்யின் கொழுப்புக்கு வேறு பாதை. செல்லுக்குள் மீண்டும் கொழுப்பாகக் கூடி, புரதம் போர்த்திய துளிகளாகி, குடலுறிஞ்சியின் நடுவிலுள்ள நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்து, கல்லீரலைச் சுற்றிக்கொண்டு கழுத்தருகே இரத்தத்தில் சேர்கிறது. இரும்புச்சத்து முன்சிறுகுடலிலும், பி12 பின்சிறுகுடலின் கடைசியிலும் உறிஞ்சப்படுகின்றன. கீரையோடு எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உள்ளவற்றைச் சேர்த்தால் இரும்பு கூடுதலாக ஏறும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும்.

குடிக்கும் நீரும் சுரக்கும் சாறுகளும் சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 9 லிட்டர் திரவம் இந்தக் குழலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே திரும்ப எடுத்துக்கொள்கிறது. எடுக்கும் முறை எளியது: சோடியமும் குளுக்கோசும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்தே செல்லுக்குள் போகின்றன, நீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்த இந்த விளக்கம் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. காலரா குடலின் மற்ற வேலைகளைக் குலைத்து நீரைக் கொட்ட வைக்கும்போதும் இந்த வாசல் பழுதாவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்கத்தின் பன்கான் நகரில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துப் புகட்டச் செய்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, அந்த முகாமில் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வழிவந்ததே. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் இதே வழியில் உதவுகிறது. கஞ்சியின் மாவுச்சத்து உடைந்து குளுக்கோசைத் தருகிறது.

பெருங்குடல்

மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் சிறுகுடல் தன் வேலையை முடிக்கிறது. மிஞ்சுவது சுமார் ஒன்றரை லிட்டர் நீரும், கீரையின் நார்ச்சத்தும், செரிக்காத சில பொருட்களும். அவை ஒரு வால்வைக் கடந்து, வலப்பக்க அடிவயிற்றில் பெருங்குடலுக்குள் நுழைகின்றன. அங்கே பையாகத் தொடங்கும் முதல் பகுதியின் அடியில் தொங்குவது குடல்வால். பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளம். வலப்பக்கம் மேலேறி, குறுக்கே சென்று, இடப்பக்கம் இறங்கி மலக்குடலில் முடிகிறது.

நொதிகளால் உடைக்க முடியாத நார்ச்சத்தை இங்குள்ள பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 டிரில்லியன் பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான கணக்கு சொல்கிறது. அவற்றில் மிகப்பெரும்பாலானவை பெருங்குடல்வாசிகள். நார்ச்சத்தை நொதிக்க வைத்து அவை உண்டாக்கும் கொழுப்பு அமிலங்களில் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடற் செல்களின் முதன்மை உணவு. வைட்டமின் கே-யையும் அவை தயாரிக்கின்றன. பருப்பிலும் பயறிலும் உள்ள சிலவகைச் சர்க்கரைகள் இங்கே வந்து நொதிக்கும்போதுதான் வாயு உண்டாகிறது.

பெருங்குடல் நீரையும் உப்பையும் உறிஞ்சி எச்சத்தைக் கெட்டியாக்குகிறது. நெடுநேரம் தங்கினால் இறுகி மலச்சிக்கல். வேகமாகக் கடந்தால் பேதி. மலத்தில் முக்கால் பங்கு நீர். மீதியில் பாக்டீரியாக்களும் நார்ச்சத்தும் உதிர்ந்த செல்களும் இருக்கின்றன. அதன் பழுப்பு நிறம் பித்தநீரின் நிறமி மாறியதால் வருவது. காலையில் காபி குடித்ததும் கழிவறைக்குப் போகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு: இரைப்பை விரிந்தால் பெருங்குடல் அசையும். ஆசனவாயின் உட்புறச் சுருக்குத்தசை தானாகத் தளரும். வெளிப்புறத் தசை நம் கட்டுப்பாட்டில் இருப்பதால் அடக்கிக்கொள்ள முடிகிறது.

நரம்பும் நேரமும்

இந்த வேலைகளை ஒழுங்கு செய்ய, குடற்சுவருக்குள்ளேயே பத்துக்கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் இருக்கின்றன. மூளையின் கட்டளை இல்லாமலே அவை குடலை அசைக்கும். மூளைக்கும் குடலுக்கும் இடையே வேகஸ் நரம்பு இரு பக்கமும் செய்தி கொண்டுபோகிறது. தேர்வுக்கு முன் வயிறு கலங்குவது இந்தத் தொடர்பால். சாப்பிடாத நேரத்திலும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலுவான அலையொன்று இரைப்பையிலிருந்து கிளம்பி, மிச்சமீதியைப் பெருக்கிக்கொண்டு சிறுகுடலின் கடைசி வரை ஓடும். வெறும் வயிறு சத்தமிடுவது அந்த அலையால். இடைவிடாமல் கொறித்துக்கொண்டே இருந்தால் அந்தத் துப்புரவு நடக்காது.

வாயில் வைத்த கவளத்தின் கடைசி எச்சம் வெளியேற ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகலாம்; அதில் பெரும்பகுதி நேரம் பெருங்குடலில் கழிகிறது. ஆளுக்கு ஆள் இந்தக் கணக்கு மாறுவது இயல்பு. விழுங்குவதில் சிரமம், தாரைப் போன்ற கறுத்த மலம், மலத்தில் இரத்தம், வெளுத்த மலத்தோடு கண் மஞ்சளாதல், காரணமில்லாமல் எடை குறைதல், நீடித்த பேதி ஆகியவை இயல்பல்ல. இவற்றில் ஒவ்வொன்றும் குழலின் ஏதோவோர் இடத்தில் சுவரோ, சாறோ, அசைவோ கெட்டிருப்பதற்கான அடையாளம். கைமருந்தோடு நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை அவை.